மாப்பிள்ளை சாப்பிடாத கச்சாயம்

பெண்கல்வி மீது இருந்த பற்றினால்தான் என் அப்பா என்னைப் படிக்க வைத்தார் என்று பிற்காலத்தில் ஒரு பாராட்டுக் கூட்டத்தில் யாரோ பேசினார்கள். மேடையில் உட்கார்ந்து நானும் தலையாட்டி வைத்தேன். நடந்தது வேறு. எங்கள் பங்காளி மகன் எஸ்.எஸ்.எல்.சி.யில் மூன்று தடவை தவறினான். அவன் அப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரு கிணற்றில் தகராறு. "அவன் மவன் மூணு தரம் எழுதியும் ஆவாததை என் பொண்ணு ஒரே தரத்துல எழுதிக் காட்டுவா" என்று நல்லம்பள்ளியில் நாலு பேர் காதுபட அப்பா சொல்லிவிட்டார். சொன்ன சொல்லுக்காக என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். நான் பாஸ் செய்தேன். பங்காளி அசரவில்லை. அதனால் இன்டர்மீடியட். அதற்கும் அசரவில்லை. அதனால் பி.ஏ. அந்தக் கிணற்றுத் தகராறு சீக்கிரம் தீர்ந்திருந்தால் நான் எட்டாம் வகுப்போடு நின்றிருப்பேன்.

யுத்தம் முடிந்த சமயம் பட்டணத்தில் மனோதத்துவத்தில் மேற்படிப்புச் சேர்ந்தேன். அதில் கணக்கு கிடையாது என்று யாரோ சொன்னதுதான் காரணம். அதுவும் பொய். வகுப்பில் ஒன்பது பேர், அதில் பெண்கள் இரண்டு பேர். இன்னொரு பெண் ஒரு ஜட்ஜின் மகள். மனிதர்களுக்கு மனசு என்று ஒன்று இருப்பதையே அவள் நம்பவில்லை. இருந்தும் எல்லாப் பரீட்சையிலும் முதல் மார்க் வாங்கினாள்.

"பொண்ணு என்னா படிக்குது?" என்று ஊரில் கேட்டவர்களிடம் என் அம்மா முதலில் "மனசுக்கு வைத்தியம்" என்று சொல்லிப் பார்த்தாள். அது இரண்டு தெரு தாண்டுவதற்குள் "பைத்தியக்காரப் படிப்பு" ஆகியிருந்தது. மூன்றாவது தெருவில் எனக்கே பைத்தியம் என்றும் அதற்காகத்தான் பட்டணத்தில் வைத்திருக்கிறார்கள் என்றும் பேச்சு. அதற்குப் பிறகு அம்மா "டீச்சருக்குப் படிக்கிறா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

எங்கள் பேராசிரியர் சீமையில் படித்து வந்தவர். துன்பத்தில் இருப்பவனுக்கு யோசனை சொல்லக் கூடாது, அவன் பேசப் பேசக் கேட்க வேண்டும், அவனே தன் வழியைக் கண்டுகொள்வான் என்பது அவர் கட்சி. இதற்குக் கவுன்சிலிங் என்று பெயர் சொன்னார். முதல் வருஷ முடிவில், கோடை விடுமுறையில் சொந்த ஊருக்குப் போய் ஆறு பேரின் மனக் குறைகளை இந்த முறையில் கேட்டு எழுதி வர வேண்டும், அதுதான் ஆராய்ச்சிக் கட்டுரை என்றார். "யோசனை மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று என்னைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார். என் வாய் அவருக்குத் தெரியும்.

மொரப்பூரில் ரயிலைவிட்டு இறங்கினேன். அங்கிருந்து தர்மபுரிக்கு ஓடிய சின்ன ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடும் பஸ்தான் கதி. ஒவ்வொரு மேட்டிலும் ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். பக்கத்தில் இருந்த அம்மாளிடம் என் முறையைச் சோதித்துப் பார்த்தேன். அவள் தன் மருமகளைப் பற்றி தர்மபுரி வரைக்கும் சொன்னாள். நான் "உம்" கொட்டினேன். இறங்கும்போது, "ஏம்மா, உனக்கு வாய் பேச வராதா?" என்று பரிதாபமாகக் கேட்டுவிட்டு ஒரு வெள்ளரிக்காய் கொடுத்தாள்.

ஊரில் என் நிலைமை இன்னும் மோசம். முதலில் வந்தவள், புருஷன் குடிக்கிறான் என்றாள். பேராசிரியர் சொல்லிக் கொடுத்தபடி, "இதைப்பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"என்னா நெனைக்கறதா? அது தெரிஞ்சா உங்கிட்ட எதுக்கு வர்றன்? நீ படிச்சவதான? சொல்லு."

"நீங்க ரொம்ப வருத்தமா இருக்கீங்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இத சொல்லவா உங்கப்பன் உன்னைப் பட்டணத்துல வெச்சிருக்கான்?" என்று எழுந்து போய்விட்டாள். அடுத்து வந்த நாலு பேர் மண்ணெண்ணெய் ரேஷன் கார்டுக்கு மனு எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து என் நோட்டில் ஒரு கேஸ்கூட இல்லை.

அந்த நேரத்தில்தான் என்னைப் பெண் பார்க்க மாரண்டஹள்ளியிலிருந்து வந்தார்கள். அங்கே காய்கறியும் புளியும் வாங்கி விற்கும் மண்டிக்காரக் குடும்பம். ஒரே மகன், சேலத்தில் இன்டர்மீடியட் படித்தவர். அவர் அக்காவை எங்கள் ஊரிலேயே கொடுத்திருந்தார்கள். எட்டுப் பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். என் அம்மா வெல்லக் காபியும், அரிசி மாவில் வெல்லம் போட்டு எண்ணெயில் சுட்ட கச்சாயமும் வைத்தாள். எனக்கு வெட்கப்படத் தெரியாது. அதனால் தலையைக் குனிந்துகொண்டு எதிரில் இருப்பவர்களின் கைகளைக் கவனித்தேன். ஏழு பேரின் கைகளும் வாய்க்குப் போய் வந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளையின் கை மட்டும் தட்டிலிருந்து ஒரு கச்சாயத்தை எடுத்தது, கொஞ்ச நேரம் வைத்திருந்தது, பிறகு ஜிப்பாப் பைக்குள் போய்விட்டது. இரண்டாவதும் அதே வழி போனது. "பல்லு வலிங்க" என்றார், யாரும் கேட்காமலே. அவர் ஜிப்பாவில் எண்ணெய்க்கறை மெதுவாகப் பரவியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் வியர்வை துளிர்த்தது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. பொண்ணு வாயாடி மாதிரி தெரியுது, வேண்டாம்.

அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த அரை மணி நேரத்துக்கு எனக்குக் கிடைத்த பட்டம் அது. அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதாள். என் அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். முப்பத்தைந்து வயது, புருஷன் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது, ஊரில் யாருக்கும் பயப்படாதவள். அவள்தான் விசாரித்து வந்து சொன்னாள். "நீ ஒருத்தி இல்லடி. இதுக்கு முன்ன பதினோரு பொண்ணுங்களப் பாத்து வேண்டான்னு சொல்லியிருக்கான். ஒருத்திக்கு மூக்கு கோணலாம். பென்னாகரத்துக்காரி ஒருத்திக்கு நடை சரியில்லையாம். இன்னொருத்திக்குக் கொரலு தடிப்பாம்."

மாப்பிள்ளையின் அக்கா கையில் ஒரு சீட்டு கொடுத்தனுப்பினேன். 'ஜிப்பாக் கறைக்கு அரப்புப் பொடி போட்டு வெயிலில் வைக்கவும். சாப்பிடுவதில் உங்களுக்கு ஏதோ சிரமம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் படிப்பது அதைப் பற்றித்தான். இது கல்யாணப் பேச்சு அல்ல.' கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டேன்.

அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, புளி பார்க்க வந்தேன் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வந்து நின்றார். வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்குப் புளி பார்க்க வருபவனை என்ன சொல்வது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால், புளி உடைக்கிற கொட்டாயைக் காட்டிவிட்டார். அங்கே சித்தி உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டும் பென்சிலுமாகப் போனேன்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுங்க" என்றார்.

"சொல்ல மாட்டேங்க."

"இவங்க?"

"எனக்குக் காதே கேக்காது. நீங்க பேசுங்க தம்பி" என்றாள் சித்தி.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பன்னிரண்டு வயதில் பாலக்கோட்டில் மாமன் வீட்டு விருந்து. பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்திருக்கிறார். "இவன் திங்கற அழகப் பாரு, கன்னுக்குட்டி தவுடு திங்கற மாதிரி" என்று மாமன் சொல்ல, பந்தி மொத்தமும் சிரித்திருக்கிறது. வாயில் இருந்த சோறு இறங்கவில்லை. இலையிலேயே வாந்தி எடுத்துவிட்டார். அன்றிலிருந்து யாராவது பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. சேலத்து ஹாஸ்டலில் சோற்றை அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். வீட்டில் சமையலறையில் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார். கண் பட்டுவிடும் என்று தனியாகச் சாப்பிடுகிறான் என்று அவர் அம்மா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

"கல்யாணம்னா பந்தியில உக்காரணும். அப்புறம் மாமியார் வூட்டு விருந்து. சுத்தி நின்னு ஊட்டுவாங்க. நெனச்சாலே..." என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

நான் யோசனை எதுவும் சொல்லாமல் எழுதினேன். எனக்கு உள்ளுக்குள் கும்மாளம். முதல் கேஸ்! அதுவும் எப்பேர்ப்பட்ட கேஸ்! எதிரில் ஒரு மனிதன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறான், நான் மார்க்கை நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதைக் கட்டுரையில் எழுதவில்லை.

புத்தகத்தில் ஒரு முறை இருந்தது. பயப்படும் காரியத்தைத் தூரத்திலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்க வேண்டும். அதன்படி அவரைக் கொட்டாய்க்கு வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து ஒரு வாழைப்பழம் கொடுத்தேன். சாப்பிட்டார். அடுத்த தடவை வாசலருகே. பாதி இறங்கியது. மூன்றாவது தடவை உள்ளே, எனக்கு ஆறடி தூரத்தில். நான் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு அவர் வாயையே பார்த்தேன். பழம் கையிலேயே கறுத்துப்போனது. நாலாவது தடவையும் அப்படியே. ஐந்தாவது தடவை அவர் எழுந்து, "விட்டுடலாங்க" என்றார்.

புளி உடைத்துக்கொண்டிருந்த சித்தி நிமிர்ந்தாள். "ஏண்டி, பென்சில வெச்சிக்கினு இப்பிடி வாயப் பாத்துக்கினு இருந்தா எந்த மனுசன் முழுங்குவான்? நீ இப்பிடி எதிர்ல நின்னா எருமகூட தண்ணி குடிக்காது."

பிறகு எங்கள் இரண்டு பேரையும் மறந்துவிட்டவள் போலத் தன் மதியச் சாப்பாட்டை எடுத்தாள். சட்டியில் ராகிக் களி, கிண்ணத்தில் அவரைக்கொட்டைக் குழம்பு. சாப்பிட்டுக்கொண்டே தன் மாமியாரைப் பற்றி ஒரு கதை ஆரம்பித்தாள். அந்த மாமியார் கோழி திருடி மாட்டிக்கொண்ட கதை. திருடிய கோழி மடியில் இருக்கும்போதே பஞ்சாயத்தில் நின்று சத்தியம் செய்ய, கோழி உள்ளிருந்து பதில் சொல்லியிருக்கிறது. அவர் சிரித்தார். கதையின் நடுவில் சித்தி ஒரு உருண்டை களியைக் குழம்பில் தோய்த்து, அவர் பக்கம் திரும்பாமலே நீட்டினாள். "புடிங்க தம்பி, கை வலிக்குது." அவர் வாங்கினார். சித்தி கூரையைப் பார்த்துக் கோழி மாதிரிக் கத்திக் காட்டினாள். களியை யாரும் மெல்லுவதில்லை. வாயில் போட்டால் தானாக இறங்கிவிடும். அவர் வாயில் போட்டார், இறங்கியது. இன்னொரு உருண்டை வந்தது. அதுவும் இறங்கியது. மூன்றாவது உருண்டைக்குத்தான் தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"காரம் சாஸ்தியா?" என்றாள் சித்தி, இப்போதும் திரும்பாமல்.

"இல்லீங்க அக்கா. சரியாத்தான் இருக்குது."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு பத்து நாள் போல அவர் வந்தார். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். அவர் சாப்பிடும்போது சத்தம் வரும். அந்த மாமன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. உனக்கு அவர் மேல் எதுவும் தோன்றவில்லையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இந்தச் சத்தம்தான்.

ஒருநாள் அவர் சந்தோஷமாக, "இனிமே பொண்ணு பாக்கப் போனா கச்சாயம் திங்கலாங்க" என்றார். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "பதினோரு பொண்ணுங்க, என்னையும் சேத்தா பன்னெண்டு. உங்களுக்கு சோறு எறங்கலேன்னு ஒருத்தி மூக்கு கோணலாச்சு, ஒருத்தி கொரலு தடிப்பாச்சு, நான் வாயாடி ஆனேன். அதுல எத்தனை பேருக்கு அப்புறம் கல்யாணம் நின்னுபோச்சுன்னு தெரியுமா?"

அவருக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்ததே இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "பென்னாகரத்துப் பொண்ணுக்கு அதுக்கப்புறம் ரெண்டு எடம் தட்டிப்போச்சாம்" என்றாள் சித்தி.

"நான் என்னாங்க செய்யறது?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேட்டிருக்க வேண்டும். நான், "போய்ச் சொல்லுங்க. குத்தம் உங்க பேர்லதான்னு அந்த வூட்டுல போய்ச் சொல்லுங்க" என்றேன். பேராசிரியரின் ஒரு வருஷ உழைப்பு அந்தக் கொட்டாயில் மண்ணானது.

பென்னாகரத்துக்குப் போனார். பதினோரு வீட்டுக்கும் போகத் தைரியம் இல்லை, அந்த ஒரு வீட்டுக்குத்தான். நடந்ததைத் திரும்பி வந்து சொன்னார். அந்தப் பெண்ணின் அப்பா வீட்டு வாசலிலேயே நிறுத்தி, எதற்கு வந்தாய் என்று கேட்டிருக்கிறார். உள்ளிருந்து அந்தப் பெண்ணே வந்திருக்கிறாள், இவர் சரியில்லை என்று சொன்ன அதே நடையில்.

"என் நடையில என்னா குத்தம்?"

"ஒண்ணும் இல்லீங்க. நாலு பேரு பாத்தா எனக்கு சோறு எறங்காது. அதை மறைக்கத்தான் அப்பிடிச் சொன்னன்."

"இதை நான் எப்பிடி நம்பறது? உக்காருங்க, சாப்புடுங்க, பாக்கறன்" என்று சாமைச் சோறும் மோரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரிலேயே கால் மடக்கி உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பாவும் நின்று பார்த்தார். முதல் கவளம் இறங்கவே வெகு நேரம் ஆனதாம். சோறு முடிய வெயில் சாய்ந்துவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில், "நெசந்தான்" என்று மட்டும் சொல்லி இலையை எடுத்தாளாம்.

"அவங்களத்தான் கட்டிக்கணும்" என்றார் என்னிடம். அவள் ஒத்துக்கொள்ள இரண்டு மாதம் ஆயிற்று.

என் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது, "கைக்கு வந்த மாப்பிள்ளைக்கு வைத்தியம் பாத்து பென்னாகரத்துக்குத் தாரை வாத்துட்டாளே" என்று ஊர் கூட்டி அழுதாள். அவள் அழுது ஓயுமுன் மாரண்டஹள்ளியிலிருந்து அவர் அம்மா வந்து இறங்கினாள். வெள்ளைக்கல் மூக்குத்தி, கனத்த உடம்பு, கையில் குடை. கூடத்தின் நடுவில் நின்று, தன் மகனுக்கு நான் மருந்து வைத்துவிட்டேன், வேண்டாம் என்று சொன்ன பெண்ணை வேண்டும் என்கிறான், ஊரே சிரிக்கிறது என்று ஒரு மூச்சில் சொன்னாள். நான் வாயைத் திறக்கப் போனேன். சித்தி என் காலை மிதித்தாள்.

அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டுக் குரல் இறங்கி, மகன் சின்ன வயதில் எப்படிச் சாப்பிடுவான் என்று சொன்னாள். நான் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். நோட்டு கையில் இல்லை.

"பாலக்கோட்டு விருந்தைப்பத்தி சொன்னானா?"

"சொன்னாரு."

"யாரு சிரிச்சாங்கன்னு சொன்னானா?"

"எல்லாருமேன்னு சொன்னாரு."

அவள் குடையின் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "மொதல்ல சிரிச்சது நானு. எங்கண்ணன் சொன்னான், எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. நான் சிரிச்சங்காட்டிதான் மத்தவங்க சிரிச்சாங்க. என்னைத் திரும்பிப் பாத்தான். அப்புறந்தான் வாந்தி எடுத்தான். கண்ணு பட்டுடுச்சின்னு ஊருல சொல்லிக்கினு திரியறது நாந்தான். அவன் இதுவரைக்கும் ஒரு வார்த்த சொன்னதில்ல."

பேராசிரியர் எதிர்பார்த்தபடி நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அது திறமை இல்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பென்னாகரத்துப் பொண்ணு எப்பிடி?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாதுங்க, நான் பாத்ததில்லை" என்றேன். "பாக்காம எப்பிடித்தான் சேத்து வெச்சயோ" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

ஆறு கேஸ் கேட்ட இடத்தில் ஒன்றுதான் எழுதிக் கொண்டுபோனேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன், சித்தியின் கோழிக் கதை உட்பட. வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் என் கட்டுரையைப் புரட்டிக்கொண்டே, "இதில் சிகிச்சை செய்தது யார்?" என்றார்.

"என் சித்திங்க."

"அவர் என்ன படித்திருக்கிறார்?"

"கையெழுத்துப் போடுவாங்க."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"யோசனை சொன்னேங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த இன்னொரு தேர்வாளர், "அந்தக் கோழி என்ன ஆயிற்று?" என்று கேட்டார். அவருடைய தயவில்தான் மூன்றாம் வகுப்பில் தேறினேன் என்று இன்றுவரை நம்புகிறேன். ஜட்ஜ் மகளுக்குத் தங்கப் பதக்கம்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று பென்னாகரத்துக்காரியிடம் போன மாதம் கேட்டேன். மாரண்டஹள்ளிக்காரர் காலமாகிச் சில வருஷம் ஆகிவிட்டது. "எழுதுங்க, பேரு மட்டும் வேண்டாம். என் நடையில குத்தம் இல்லன்னு நல்லா தெரியற மாதிரி எழுதுங்க" என்றாள். அதனால் சொல்கிறேன், அவள் நடையில் ஒரு குற்றமும் இல்லை. நிமிர்ந்து, வேகமாக, குறுக்கே யார் வந்தாலும் ஒதுங்காமல் நடப்பாள்.

அவர்கள் கல்யாணம் என் தேர்வு முடிந்த பிறகு, வைகாசியில், பென்னாகரத்தில் நடந்தது. நானும் சித்தியும் போயிருந்தோம். என் அம்மா வர மறுத்துவிட்டாள். மாப்பிள்ளையைப் பந்தியில் உட்காரவைத்தார்கள். பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அம்மாவே வந்து இலையில் சோறு வைத்தாள். பிறகு நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "எல்லாரும் அவங்கவங்க எலையப் பாருங்க! யாரும் எம் மவனப் பாக்கக் கூடாது!" என்று கத்தினாள்.

பந்தலில் இருந்த அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

அவர் சிரித்துவிட்டார். பெண்ணும் சிரித்தாள். அவர் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார். சத்தம் எங்கள் இலை வரைக்கும் கேட்டது. சித்தி என்னை இடித்து, "அங்க என்னாடி பாக்கற, சாப்புடு" என்றாள். சாப்பிட்டேன். பாயசத்தில் வெல்லம் போதவில்லை.